கனவில் நீர் கண்டவரின் கொள்ளுப்பேரன்

நூலகம் திறந்ததும் அவர் முதல் ஆளாக நுழைந்து, தன் நாவலின் ஏழு பிரதிகளையும் அட்டை தெரியும்படி திருப்பி வைப்பார். இடம் போதாமல் பக்கத்திலிருக்கும் அகராதி கீழ்த்தட்டுக்குப் போகும். அவர் போனதும் நூலகரான நான் அதை எடுத்து மேலே வைப்பேன். பதினோரு ஆண்டுகளாக எங்களுக்குள் இருக்கும் இலக்கிய உறவு இவ்வளவுதான்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கு 'வரலாறு' என்றே பெயர்; அப்படிக் கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வறண்ட வெளியைக் கடந்து மாடுகளை ஓட்டிவந்து இந்த ஊரை உண்டாக்கிய ஆறு குடும்பங்களின் கதைதான் நாவல். அறுநூறு பக்கம். அதில் மாடுகளைவிட அவருடைய கொள்ளுத்தாத்தா அதிகம் நடமாடுகிறார். தாகத்தில் மந்தை செத்து விழும்போது நீர் இருக்கும் இடத்தைக் கனவில் காண்பவரும் அவரே.

முதல் அத்தியாயத்தில் ஒரு காளை மேல்வரிசை முன்பற்களைக் காட்டிச் சீறுகிறது. எந்த மாட்டுக்கும் மேலே முன்பல் கிடையாதே என்று அவருடைய அக்கா கேட்டாராம். "அது இலக்கியம்க்கா, உனக்குப் புரியாது" என்று பதில் வந்ததாம். வீட்டுக்குப் பின்னால் எட்டு மாடுகளை வைத்துக் கறந்து, தம்பியையும் படிக்க வைத்தவர் அந்த அக்கா. தம்பி தொழுவத்தைத் தாண்டும்போது மூக்கில் கைக்குட்டை ஏறிவிடும்.

உண்மையில் நீரைக் கண்டது கூலிக்கு மாடு மேய்க்க வந்த ஒருவர். மண்ணை முகர்ந்தபடி விலகிப் போன கிடேரியின் பின்னாலேயே நடந்து, ஈரத்தைக் கண்டு, கையாலேயே தோண்டியவர். வரலாறின் அப்பா இதைப் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மேய்ப்பரின் கொள்ளுப்பேத்தி இரண்டு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருக்கிறார்.

பழைய கிணற்றருகே முன்னோடிகளுக்குக் கல் நாட்டப் போவதாக ஊராட்சி அறிவித்து, பெயர்ப்பட்டியலை வரலாறிடம் கேட்டது. தையற்கார அம்மாள் நூலகத்துக்கே வந்து அவர் எதிரில் நின்றார். "கடைசியா போட்டாக்கூடப் போதுங்கய்யா" என்றார்.

"எல்லாரையும் சேர்த்தா கதை நீர்த்துப்போயிடும்மா" என்றார், புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல். அவர் படித்துக்கொண்டிருந்தது தன் நாவலைத்தான்.

மறுநாள் அக்கா வந்தார். பால் கறந்த கையோடு வந்திருந்தார். அப்பா சொன்னது மறந்துபோச்சா என்று கேட்டார்.

"அப்பா எழுதியா வச்சாரு?" என்றார் தம்பி.

அக்கா ஊராட்சிக்கு மனு எழுதினார். நானும் கையெழுத்திட்டேன். அச்சில் இருக்கும் ஆதாரம் அந்த நாவல் ஒன்றுதான் என்று பதில் வந்தது. கற்பனை என்று முதல் பக்கத்தில் அவரே அச்சிட்டிருப்பதை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

போன வாரம் கல்லைத் திறந்தார்கள். ஆறு குடும்பங்கள், உச்சியில் கொள்ளுத்தாத்தா, 'கனவில் நீர் கண்டவர்' என்ற அடைமொழியோடு. அக்கா வரவில்லை. தையற்கார அம்மாள் வந்து, ஒவ்வொரு வரியாகக் கீழ்வரை படித்துவிட்டு, அங்கேயே நின்றார்.

வரலாறு அவரைக் கைகாட்டி அழைத்தார். மேசையில் அடுக்கியிருந்த நாவல் பிரதிகளில் ஒன்றை விரித்து, பேனா மூடியைக் கழற்றி, "பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

அவர் அன்று போட்டிருந்த சட்டை அந்த அம்மாள் தைத்தது.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 'அன்பு வாசகிக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மை காய ஊதிக்கொண்டே அடுத்த பிரதிக்குக் கையை நீட்டினார்.