சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய வீடு

சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இருக்கும் தோராஜா மலைநாட்டில் நடந்தது இது. நான் கோல சிலாங்கூர் பக்கம், எஸ்டேட்டை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வீடு எடுத்து இருப்பவள். பக்கவாதத்தில் விழுந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றிப் பல வருடம் பார்த்துக்கொண்டது நான்தான். கடைசியில் என்ன ஆயிற்று? காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடல், சாயங்காலத்துக்குள் சாம்பல். பந்தல், நாற்காலி, வந்தவர்களுக்குத் தண்ணீர் என்று ஓடியதில், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசக்கூட எனக்கு வாய்க்கவில்லை. அதுதான் நெஞ்சை அடைத்துக்கொண்டு கிடந்தது. மாதங்கள் ஓடியும் அழுகை வரவில்லை. உடம்பு மட்டும் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது.

சுங்கை பெசாரில் ஆசிரியையாக இருக்கும் தங்கைதான் விடவில்லை. "வீட்டுக்குள்ளயே கெடந்தா நீயும் படுத்துருவ லா அக்கா. கெளம்பு!" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

போன இடமோ சுடுகாட்டுச் சுற்றுலா! ஒரு பகல் முழுக்க மலைப்பாதையில் வண்டி. அங்கே பாறையைக் குடைந்து சவப்பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். மேலே மாடத்தில், இறந்தவர்களைப் போலவே செதுக்கிய மரப் பொம்மைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தங்கை படமாக எடுத்துத் தள்ளினாள். எனக்கு முட்டி வலியில் உயிர் போனது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று குகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் வழிகாட்டி எங்களை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். படகு போல வளைந்த கூரை, முகப்பில் வரிசையாக எருமைக் கொம்புகள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். உள்ளறையில் அவருடைய அம்மா போர்வைக்குள் படுத்திருந்தார். தலைமாட்டில் சோறும் காப்பியும் இருந்தன. "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்றார் அந்தப் பெண்.

உயிர் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம், வழிகாட்டி காதோரம் சொன்னார்! பெரிய சடங்கு செய்து வழியனுப்பும் வரை அவர்களுக்கு அது சாவே இல்லையாம், நோய்தானாம். அதுவரை உடல் கெடாமல் மருந்து போட்டு, சாப்பாடு வைத்து, பேச்சும் கொடுக்கிறார்கள்.

அவர்கள் என்ன சொன்னாலும் சாவு வீடு சாவு வீடுதானே? நம் வழக்கப்படி, போய்வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிவரை வந்துவிட்டேன்.

பின்னாலேயே அந்தப் பெண் ஓடி வந்தார். நம் மலாய் மாதிரிதான் பேச்சு, எனக்குப் புரிந்தது. "எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டீங்களே. நாங்க ஏதும் தப்பு பண்ணிட்டமா?" கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாவு வீட்டுல நாங்க சொல்லிக்க மாட்டோம்" என்று தெரிந்த மலாயில் இழுத்தேன்.

"அம்மா இன்னும் வீட்லதான இருக்காங்க?" என்றார்.

திரும்பிப் போனேன். அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலாயில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், தமிழ்தான் வந்தது. "அம்மா, நான் கெளம்புறேன்மா. நல்லாப் படுத்துக்குங்க. போயிட்டு வரேன்." அவ்வளவுதான். அத்தனை நாளும் வராத அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தங்கையும் வாசலில் நின்று அழுதாள்.

அந்தப் பெண் என் முதுகைத் தடவிக்கொண்டே தன் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இவங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க, கோவிச்சுக்காதீங்கன்னு சொன்னேன்."

இன்றைக்கும் நான் சாவு வீடுகளிலிருந்து சொல்லாமல்தான் கிளம்புகிறேன், பழக்கம் விடுமா? ஆனால் என் அம்மாவிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை, ஊர் பேர் தெரியாத இன்னொருத்தியின் அம்மா படுத்தபடியே வாங்கிக்கொண்டார். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.