சுவரைப் பார்த்த நாற்காலி

என் அண்ணியைப் பற்றி வெளியாள் யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் முதலில் சண்டைக்குப் போகிறவள் நான்தான். தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இந்த வீட்டில் அவரோடு அதிகம் சண்டை போட்டவளும் நான்தான். நாத்தனார் என்றால் அப்படித்தான் இருப்பாள். வீட்டுக்குள் நான் திட்டுவேன், அது என் உரிமை. அடுத்தவனுக்கு அந்த உரிமையை நான் கொடுக்கவில்லை.

சண்டைக்குக் காரணம் மாடி முன்னறையில் நிற்கிற இரண்டு ஹார்ன் ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் என் உயரம். கீழே பீரோ அளவுக்கு ஒரு மரப்பெட்டி, அதன் தலையில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மரக்குழல். அந்த வாய்க்குள் ஒரு ஆள் தலையை விட்டுப் பார்க்கலாம். என் அண்ணன் விட்டும் பார்த்திருக்கிறான். அறையில் சோபா கிடையாது, டிவி கிடையாது. இரண்டு ஹார்ன், அவற்றுக்கு எதிரே சரியாக நடுவில் ஒரு மர நாற்காலி, பின்சுவரோரம் வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் குடித்தனம்.

புருஷன் வீடு போதும் என்று நான் துணிமணியோடு வந்து இறங்கிய வருடம், மாடியில் எனக்கு ஓர் அறை கட்டித் தருவதாக அண்ணன் சொன்னான். செங்கல்லுக்குச் சொல்லியும் ஆயிற்று. அந்தச் சமயம் பார்த்து, யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டைக் காலி செய்கிறார்கள், இந்த ஹார்ன்கள் விலைக்கு வருகின்றன என்று அண்ணிக்குச் செய்தி வந்தது. அறை போய் ஹார்ன் வந்தது. அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். வண்டியில் நாற்பது பிள்ளைகளை அதட்டுவான், வீட்டில் பெண்டாட்டி சொன்னால் பூம்பூம் மாடு. நான் கீழே தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்தேன். இன்றைக்கும் அங்கேதான் படுக்கிறேன். இதை நான் மறக்கவும் மாட்டேன், சொல்லிக்காட்டாமல் விடவும் மாட்டேன்.

அண்ணிக்குப் பல் செட் செய்கிற லேபில் வேலை. எங்கள் பக்கத்துக் கிழவர்களில் பாதிப் பேர் அண்ணி செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். மெழுகு, மாவுக்கல், சின்னச் சின்ன அரம், கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடி, இவற்றோடுதான் அவருக்குப் பகல் போகும். ஹார்ன்கள் வந்தபோது அதில் ஒன்று ஊமை. குழல் முடிகிற இடத்தில், பித்தளைச் செம்பு மாதிரி ஒரு கனமான உருண்டை திருகியிருக்கும். சத்தம் பிறப்பது அதற்குள் இருக்கிற வெங்காயச் சருகு போன்ற ஓர் உலோகத் தகட்டில்தான். அந்தத் தகட்டுக்குப் போகிற மயிரிழைக் கம்பி அறுந்திருந்தது. இந்தச் சாமான் இப்போது எங்கேயும் வருவதில்லை, கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வையுங்கள் என்று விற்றவர்களே சொன்னார்கள். அண்ணி அதைத் துணியில் சுற்றி லேபுக்கு எடுத்துக்கொண்டு போனார். சாப்பாட்டு இடைவேளையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பியை ஒட்டினார். சாயந்திரம் ஊமை பேசியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்று கூட அப்படி இல்லை என்று அண்ணனே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு ஒருவர், ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டு ஒருவர். எல்லோருக்கும் அண்ணி வாயால் ‘சரி’ வாங்க வேண்டும். அந்த அறையில் ஒரு வழக்கம். நடு நாற்காலியில் அண்ணி மட்டும்தான் உட்காருவார், மற்றவர்கள் பெஞ்சு. நாற்காலி பேசிய பிறகுதான் பெஞ்சு பேசும். அண்ணி முதலில் பாட்டே போட மாட்டார். ஓர் ஆள் சும்மா பேசுகிற பதிவு ஒன்று வைத்திருக்கிறார். ஏதோ ஒரு வீட்டு அறையில், தண்ணீர்க் குழாய் ரிப்பேரைப் பற்றி அந்த ஆள் யாரிடமோ புலம்புகிறார். அதைத்தான் போடுவார்.

“அந்த ஆளு இந்த ரூமுக்குள்ள நின்னு பேசணும். பெட்டிக்குள்ள நின்னு பேசினா, எவ்வளவு பெரிய பெட்டியா இருந்தாலும் எனக்கு வேணாம்” என்பார்.

வருகிறவர்களில் முக்கியமானவர் பெட்டிக்காரர். ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கிற கடை வைத்திருக்கிறார், அதனால் அந்தப் பெயர். ‘அக்காவே சரின்னுட்டாங்க’ என்று சொல்லித்தான் அவர் கடையில் பாதி வியாபாரம். பதிவு ஓடும்போது அவர் ஹார்னைப் பார்க்க மாட்டார், அண்ணி முகத்தையே பார்ப்பார். முகம் மலர்ந்தால் ‘ஆஹா’ என்பார், சுருங்கினால் உச்சுக் கொட்டுவார். டீ கொண்டுபோகும்போதெல்லாம் நான் இதைக் கவனித்திருக்கிறேன். டீ கொண்டுபோகிறவளுக்குக் கண் இல்லை என்று அவருக்கு நினைப்பு.

போன வருடம் ஒரு நாள் அண்ணி சொன்னார்: “இடது ஹார்ன் மங்குது. ‘ஸ’னா சரியா விழல.”

இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்படியும் இடது பக்கம்தான் மங்கியது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரில் கோளாறு இல்லை, ஹார்னில்தான் என்று முடிவு கட்டினார். இடது உருண்டையைத் திறந்து, காந்த இடுக்கில் ஒட்டு டேப்பை மடித்து விட்டு இரும்புத் தூசியை ஒற்றி எடுத்தார். மாற்றமில்லை. கடைசியில், இடது பெட்டிக்குப் பின்னால் ட்ரெபிளை, அதாவது மேல் சத்தத்தை, மட்டுப்படுத்துகிற சின்ன ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தார். இடது ஹார்னின் ட்ரெபிள் ஏறியது. இப்போது சரி என்றார்.

எங்கே சரி? மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில்தான் அந்த இடது ஹார்ன் நிற்கிறது. அது கத்துகிற கத்தில் எனக்குப் பல் கூசும்.

“அண்ணி, இடது பக்கம் கீச்சு கீச்சுனு கத்துது. ஊசில நூல் கோக்க முடியல.”

“உனக்கு என்ன தெரியும்? காதுல விழறது வேற, கேக்குறது வேற.”

பெட்டிக்காரர் பெஞ்சிலிருந்து, “அக்கா, என்ன ஒரு தெளிவு. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா வந்து நிக்குது” என்றார். பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. அரை வருடம் அந்தக் கீச்சை எல்லோரும் சேர்ந்து ரசித்தார்கள்.

ஒரு விடுமுறை நாளில் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலும் கையுமாக மேலே போய்க் கத்தினேன். அண்ணிக்கும் கோபம் வந்துவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டு, “ரெண்டு ஹார்னையும் இடம் மாத்துங்க. இவ முன்னாடியே நிரூபிச்சுடறேன்” என்றார். தூக்க முடியாத கனம் என்று அதுவரை யாரும் அதைச் செய்து பார்க்கவில்லை. அண்ணன் நான்கு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து மாற்றி வைத்தான்.

அண்ணி நடு நாற்காலியில் உட்கார்ந்து, குழாய் ரிப்பேர்க்காரரைப் பேச விட்டார். உடனே வலது காதைப் பொத்திக்கொண்டார். வலது பக்கம் வந்துவிட்ட அந்தப் பழைய இடது ஹார்ன் அவருக்கே கீச்சென்று கத்தியது. இடது பக்கம் வந்த நல்ல ஹார்ன் மங்கியது. பிறகு எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஹார்ன்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அதே பதிவு. இப்போது எல்லாம் சரியாக இருந்தது. கீச்சு ஹார்ன் அவருடைய இடது காதுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

“ஹார்ன் இல்ல. என் காது” என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். அந்த மாதிரி ஒரு ஜெயம் எதிரிக்கும் வரக் கூடாது.

காது டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இடது காதில் போனது திரும்ப வராது என்றார். வெளியே வந்ததும் அண்ணி சொன்ன முதல் வார்த்தை, “உள்ள ஒரு ஹெட்ஃபோன் மாட்டி விட்டாங்க பாரு, மகா மட்டம்.” அண்ணன் சிரித்தான். நான் ஆட்டோவில் வீடு வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அண்ணனுக்கு வாயில் பூட்டு கிடையாது. விஷயம் பெட்டிக்காரருக்குப் போய்விட்டது. பழப்பையும் துக்கம் விசாரிக்கிற முகமுமாக வந்து சேர்ந்தார்.

“அக்கா, நான் அப்பவே கவனிச்சேன். இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாதான் இருந்துச்சு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு...”

“தெளிவு தெளிவுனு உருகினது யாரு? உங்க தம்பியா?” என்றேன்.

அவர் என் பக்கமே திரும்பவில்லை. “எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் ரொம்ப நாளா இந்த ஹார்னை விலைக்குக் கேட்டுக்கிட்டு இருக்கார். நல்ல எடத்துக்குத்தான் போகும்” என்றார். பெண் கேட்டு வந்த தரகர் தோற்றார் போங்கள். அண்ணி டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். உடனே அவர் இறங்கி வந்தார்: “குடுக்க மனசில்லையா, இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம். நடு சேர்ல மட்டும் வேற யாராவது, ரெண்டு காதும் நல்லா இருக்குறவங்க உக்காரட்டும். நீங்க பெஞ்சுல சவுகரியமா இருந்துக்கலாமே அக்கா.”

அண்ணியின் வீட்டில், அண்ணியின் நாற்காலியிலிருந்து, அண்ணியையே எழுந்திருக்கச் சொல்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி என்னைப் பார்த்தார், பேசாதே என்று அர்த்தம்.

“டீ ஆறுது. குடி” என்று மட்டும் அவரிடம் சொன்னார்.

மறுநாள் அண்ணி லேபுக்கு லீவு போட்டார். மேலே திருப்புளிச் சத்தம் கேட்டுப் போனேன். கீச்சு ஹார்னின் முதுகைத் திறந்து, பழைய ரெசிஸ்டரை மறுபடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப உங்களுக்கு மறுபடி மங்குமே அண்ணி.”

“மங்கும். நான் கேக்குறது தப்பா இருக்கலாம். அது சொல்றது தப்பா இருக்கக் கூடாது.”

பிறகு ஒரு ஹார்னை மட்டும் பேச விட்டு, வலது காதை அதன் பக்கம் வைத்துக் கேட்டார். அதை நிறுத்திவிட்டு அடுத்ததன் முன்னால் போய் அதே வலது காதை வைத்தார். குழாய் ரிப்பேர்க்காரர் இரண்டு பக்கமும் ஒரே ஆளாக ஆகிற வரைக்கும் இங்கும் அங்கும் நடந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், யாருக்குப் பயம்?

“எதுக்கு அழற? ஒரு காதுதான் போச்சு. நாற்காலி போகல” என்றார் அண்ணி. குரலில் அப்படி ஒரு காரம்.

அண்ணன் காலைச் சவாரி முடிந்து வந்ததும் துளை போடுகிற மிஷினை எடுத்துவரச் சொன்னார். நடு நாற்காலியை இடம் மாற்றாமல், இடது சுவரைப் பார்க்கும்படி பக்கவாட்டில் திருப்பிப் போட்டார். உட்கார்ந்து பார்த்தார். வலது காது நேராக இரண்டு ஹார்ன்களையும் பார்த்தது. கண்ணுக்கு எதிரே வெள்ளைச் சுவர், ஒரு படம் கூடக் கிடையாது.

“இப்படியே தரையோட முடுக்குங்க.”

“தரையில ஓட்டை போட்டா வீடு என்னத்துக்கு ஆகும்?” என்றான் அண்ணன்.

“நம்ம வீடுதானே. போடுங்க.”

பூம்பூம் மாடு போட்டது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு இரும்புப் பட்டை வைத்து, நாற்காலியைத் தரையோடு திருகினான். நான் கீழே போய், மிச்சத் துணிகளை அடைத்து அதற்கு ஒரு மெத்தை தைத்துக்கொண்டு வந்தேன். இந்த அறைக்கு நான் தைத்த முதல் சாமான் அது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்காரர் புது ஆம்ப்ளிஃபயரோடு வந்தார், கூடவே வழக்கமான பெஞ்சு ஆட்கள். ஹார்னை விலைக்குக் கேட்டவர் என்று சொன்னாரே, அவரையும் அழைத்து வந்திருந்தார். பெட்டிக்காரர் நடு நாற்காலியைத் திருப்பப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை.

“என்னக்கா இது?”

“திரும்பாது. முடுக்கியிருக்கு. நல்ல காது உள்ளவங்க உக்காரணும்னு சொன்னியே, உக்காரு.”

“சுவத்தைப் பாத்துக்கிட்டா?”

“நான் கேக்குறது அப்படித்தான். இந்த நாற்காலி வேணும்னா நீயும் அப்படித்தான் கேக்கணும்.”

கூட்டிக்கொண்டு வந்த ஆளுக்கு முன்னால் பின்வாங்க முடியுமா? உட்கார்ந்தார். நான் தைத்த மெத்தையில்தான். அண்ணி போய்ப் பெஞ்சில், பெஞ்சு ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். குழாய் ரிப்பேர்க்காரர் பேச ஆரம்பித்தார். எனக்குப் பல் கூசவில்லை. அவர் என் பக்கத்தில் நின்று புலம்புவது மாதிரியே இருந்தது. புது ஆம்ப்ளிஃபயர் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் அதை நான் சொல்லக் கூடாது, நாற்காலி அல்லவா சொல்ல வேண்டும்.

பதிவு முடிந்தது. அண்ணி கேட்டார்:

“எப்படி இருக்கு?”

பெட்டிக்காரருக்கு எதிரே வெள்ளைச் சுவர். பெஞ்சு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து மெல்ல, மிக மெல்ல, அண்ணி முகம் இருக்கிற பக்கமாகத் திரும்பியது.

“சுவத்தைப் பாரு” என்றார் அண்ணி.