தோளில் நிற்காத ரோமாபுரி

குற்றாலத்தில் அந்த வருஷம் சாரல் ஓயவே இல்லை. மலையிடுக்கில் வெயில் எட்டிப் பார்க்கும். பாதிரியார் கேமராவுக்குச் சாவி முறுக்குவார். அதற்குள் வெயில் போய்விடும். மேகம், சாவி, மேகம். ஒரு வாரம் இதே கூத்து.

எங்கள் கல்லூரியில் லத்தீன் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரப் பாதிரியார் அவர். ரோமாபுரியின் அன்றாட வாழ்க்கையை ஆட்களை நடிக்கவைத்துப் படம் பிடித்தால், பையன்கள் பாடத்தைக் கண்ணால் பார்த்தே படித்துவிடுவார்கள் என்று நம்பினார். நான் அவரிடம் படித்து முடித்து வேலையில்லாமல் இருந்தவன். படம் ஒழுங்காக வந்தால் கீழ்வகுப்புக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு என்று சொல்லியிருந்தார். ஆகவே ஆள் பிடிப்பதும், உடை தைப்பதும், திட்டு வாங்குவதும் என் பொறுப்பு.

குளியல் காட்சி நன்றாகவே வந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு ரோமாபுரியைப் பற்றி எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. முதுகைக் கண்டார்கள், அறைந்து தேய்த்தார்கள். வினை கடைசிக் காட்சியில் வந்தது.

ரோமாபுரியில் ஒரு பெரிய மனிதரை அண்டிப் பிழைப்பவர்கள் காலைதோறும் அவர் வாசலில் காத்து நிற்பார்கள். அவர் வெளியே வந்து அவர்களுடைய வணக்கத்தை ஏற்பார். இதற்குத் தென்காசிச் சாலையில் ஒரு கல்மண்டபம் கிடைத்தது. பெரிய மனிதராக நடிக்கச் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு குத்தகை விவசாயியை அழைத்து வந்தேன்; எனக்கு அவர் அண்ணாச்சி. தேக்குமர உடம்பு, கழுகு மூக்கு. இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து அவருடைய இடது தோளில் போர்த்தியதும் பாதிரியார் கைதட்டினார். அண்டிப் பிழைப்பவர்களில் நானும் ஒருவன். எனக்கும் அதே போர்வைதான்.

மிச்சமிருந்த ஃபிலிம் நாலு நிமிஷம்.

வெயில் வந்தது. அண்ணாச்சி படியிறங்கினார், மலையே இறங்குவது போல. அந்த நேரம் பார்த்தா அவருடைய பண்ணையார் வில்வண்டியில் வேடிக்கை பார்க்க வரவேண்டும்? கண் இமைப்பதற்குள் அண்ணாச்சியின் தோளிலிருந்த ரோமாபுரி சரிந்து இடுப்பில் முடிச்சாகிவிட்டது.

“அண்ணாச்சி, துணிய எடுக்காதீய! இங்கன நீங்கதான் பெரிய ஆளு!”

“அது ஒங்க படத்துல, தம்பி. அவுக நிக்காவல்லா?”

மறுபடி போர்த்தினேன். மறுபடி சரிந்தது.

“கை தானா போவுது, நான் என்ன செய்ய?”

பண்ணையாருக்கே இரக்கம் வந்துவிட்டது. “ஏலே, போட்டுக்கோலே! நான் சொல்லுதேன்லா!”

“சரிங்க மொதலாளி” என்றார் அண்ணாச்சி. அதைச் சொல்வதற்காகவே, தோளில் போட்ட துணியை இன்னொரு தரம் எடுத்து இடுப்பில் கட்டினார்.

மூன்று நிமிஷ ஃபிலிம் போயிற்று. எத்தனை வருஷம் வினைச்சொற்களை உருப்போட்டேன்! எல்லாம் ஒரு துணி தோளில் நிற்காததால் ஆற்றோடு போகப்போகிறது. ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. நேரே பண்ணையாரிடம் போனேன். சாலைத் திருப்பம்வரை தள்ளிப் போங்கள் என்று உரக்கச் சொல்லத்தான் போனேன். தொண்டைக்குள் என்ன நடந்ததோ, “மொதலாளி மனசு வச்சு, கொஞ்சம் அங்கன...” என்றுதான் வந்தது. அவர் உறுமிவிட்டு வண்டியேறினார்.

வெற்றியோடு திரும்பினேன். அண்ணாச்சி படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஒம்ம துணி எங்க?”

என் இடுப்பில் இருந்தது. இடது கை இன்னும் வாயைப் பொத்தியிருந்தது. முதுகு நிமிரவில்லை.

அப்போதுதான் கேமராவின் கறகறப்பு ஓய்ந்தது. ஃபிலிம் முடிந்துவிட்டது.

“வெயில் இருந்தது, நிறுத்த மனம் வரவில்லை” என்றார் பாதிரியார், குற்றம் செய்த பிள்ளை மாதிரி. பிறகு, “ஒரு வாரமாக உன்னிடம் கேட்ட குனிவு அதுதான்” என்றார்.

வேலை கிடைத்தது. வருஷந்தோறும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அந்தப் படத்தை நானே ஓட்டுகிறேன். வெள்ளைத் திரையில் ஒருவன், வெற்றுத்தோளோடு, வாய்பொத்தி, வில்லாய் வளைந்து. பையன்கள் சிரிக்கிறார்கள்.

“யார் சார் அது?”

“ரோமன்” என்கிறேன். “புத்தகத்தைப் பாருங்கலே.”