அளவெடுத்த வண்டி

எங்கள் அக்காவைத் தெருவில் எல்லோரும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரி நாளில் மொட்டைமாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதில், இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வே கிடையாது. பகலில் கால் டாக்ஸி அலுவலகத்தில் போன் எடுக்கிறாள். காலையும் மாலையும் மைதானத்தில் மூன்று சக்கரப் பந்தய வண்டியைக் கையாலேயே தள்ளிப் பறக்கிறாள். தேசிய அணியில் ஓர் இடம், அவள் வாழ்க்கையிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வண்டி அவள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்தார். அளவெடுத்த சமயம் அவள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள், ஒட்டிப்போன உடம்பு. முட்டியை மடக்கி, இடுப்பைத் திணித்து உட்கார வேண்டிய இருக்கை அது. உடம்பு தேறியதும் உள்ளே நுழையவில்லை. இன்னொரு வண்டிக்கு யார் வாசலில் போய் நிற்பது? வண்டியை மாற்ற முடியாது, உடம்பை மாற்றலாம் என்று முடிவு கட்டிவிட்டாள். பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் வேறு, "லைட்டா இருந்தா வேகம் தானா வரும்மா" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மதியம் ஒரு வெள்ளரிக்காய், ராத்திரி எதையோ கொறிப்பாள். "நாள் முழுக்க உக்காந்தே இருக்கிறவளுக்கு இது போதும்டி" என்பாள். மைதானத்தில் அவள் தோள் படும் பாட்டைப் பார்த்தவர் யாரும் இந்தப் பேச்சை நம்ப மாட்டார்கள். அங்கே கழிப்பறைக்குப் படி ஏற வேண்டும் என்பதால் தண்ணீரும் குடிக்க மாட்டாள்.

உடம்பு சொல்லாமல் இல்லை. வெயிலிலும் குளிர்கிறது என்றாள். சிராய்ப்பு ஆறவே இல்லை. மாதவிலக்கு நின்றே போனது. எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பதில்: முதுகுத்தண்டு. பாவம், எது நடந்தாலும் பழி அதன் தலையில்தான். அம்மாகூட, "நின்னா நல்லதுதான், வெளியூர் போற பொண்ணுக்கு ஒரு தொல்லை விட்டுது" என்றாள்.

தேர்வுப் பந்தயத்தன்று அவளை வண்டியில் ஏற்றியது நான்தான். முட்டியை மடக்கி உள்ளே தள்ளும்போது சடக்கென்று ஒரு சத்தம்.

"என்னக்கா அது?"

"பெல்ட்டு. இறுக்கிக் கட்டு."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எப்படி இருக்கும்? அந்தக் காலில் வலி தெரியாதே. கையுறையை மாட்டிக்கொண்டு போனாள், முதல் ஆளாக வந்தாள். அணியில் பெயர் வந்ததும் மாஸ்டருக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்கு வந்து உடை மாற்றினால் தொடை வீங்கிக் கொதிக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கேட்டேன். "அது பெல்ட் இல்லன்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"விழாமலே உடைஞ்சிருக்கு. நடக்காத கால்ல எலும்பு மெலியும்தான். ஆனா இவ்வளவு பயிற்சி பண்ணிட்டு சாப்பிடாம இருந்தா, இருக்கிற எலும்பும் போயிடும்மா. பீரியட்ஸ் வருதா?"

"இல்ல. முதுகுத்தண்டு அடிபட்டதால..." என்று இழுத்தாள் அக்கா.

"அடிபட்ட புதுசுல நின்னிருக்கும். அப்புறம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்போ இப்ப நின்னது பட்டினியால. நல்லா சாப்பிட்டு உடம்பு தேறுற வரைக்கும் வண்டியத் தொடக்கூடாது."

வீட்டில் தட்டை அவள் முன்னால் ணங்கென்று வைத்தேன்.

"சாப்பிடு."

"சாப்பிட்டா வண்டிக்குள்ள நுழைய மாட்டேன்டி."

"சாப்பிடலேன்னா இன்னொரு காலும் போகும்."

"ரெண்டும் தெரியுது. எந்தப் பக்கம் போகச் சொல்றே?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, ஒரு வாய் எடுத்தாள். அப்போது போன் அடித்தது. அணி அலுவலகத்திலிருந்து, சீருடை தைக்க அளவு வேண்டுமாம். கட்டுப் போட்ட காலைப் பற்றி அவள் மூச்சே விடவில்லை.

"பழைய அளவேதான் சார்" என்றாள். கையிலிருந்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டு, தட்டை என் பக்கம் தள்ளினாள்.