சூளைத் துண்டுகளுக்கு வைத்த சந்தனம்

மொன்ட்ரியாலுக்கு வந்த இரண்டாவது ஆண்டிலேயே எனக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது. அதுவே வினையாயிற்று. ஆஸ்பத்திரி, குடிவரவு அலுவலகம், வீட்டுக்காரன் என்று பெரியவர்கள் போகுமிடமெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு வயதில் நான் ஓரிடத்தில் நிற்கக்கூடியவன் அல்ல. சீக்கிரம் விடுபடுவதற்காக, யார் எவ்வளவு நீளமாகப் பேசினாலும் அதை அரை வரியாக்கிச் சொல்லப் பழகியிருந்தேன்.

சித்தப்பாவுக்குக் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை. அது நிலைத்தால்தான் ஊரில் இருந்த சித்தியையும் அவர்களுடைய மகளான தங்கச்சியையும் கனடாவுக்கு எடுப்பிக்கலாம். ஒரு நாள் அங்கே ஓர் ஆய்வுகூடத்தை நடத்திய அம்மையார் அவரிடம் ஏதோ சொல்ல வேண்டுமென்று கூப்பிட, நானும் போனேன். மேசையில் தட்டுத் தட்டாகச் சுட்ட களிமண் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் மையால் கீறிய ஓர் அம்பு.

உரோமர் காலத்து மட்பாண்டச் சூளை ஒன்றிலிருந்து எடுத்தவையாம். சூளை கடைசியாக எரிந்து ஆறும்போது, மண்ணிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்த வடக்கைப் பார்த்தபடி உறைந்துவிடும். காந்த வடக்கோ காலத்துக்குக் காலம் நகர்வது. ஆகவே துகள்கள் பார்க்கும் திசையை அளந்தால் நெருப்பு அணைந்த காலத்தைச் சொல்லலாம். ஆனால் துண்டு நிலத்தில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதற்கு அந்த அம்பு மட்டுமே சாட்சி. அது அழிந்தால் துண்டு வெறும் மண். தொடவே கூடாது என்று சித்தப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கையில் பெடியன்கள் ஹொக்கி விளையாடத் தொடங்கியிருப்பார்கள். என் கால்கள் துடித்தன.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா.

"பழைய சூளைத் துண்டாம். பெறுமதியான சாமானாம். வாங்கோ போவம்."

"இவ்வளவு நேரம் கதைச்சவ, இவ்வளவுதானோ?"

"ஓம். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறா."

அடுத்த கிழமை ஆயுத பூசை. சோறு போடும் இடத்துக்குப் பூசை செய்யாமல் விடுகிறவர் அல்ல சித்தப்பா. வாளியையும் தும்புத்தடியையும் கழுவிப் பொட்டு வைத்தவர், பெறுமதியான அந்தத் துண்டுகளையும் விட்டுவிடவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஈரம் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு வந்தார். அழகாகத்தான் இருந்தன. அம்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் எங்கள் இருவரையும் அழைத்தார்கள். அம்மையார் சத்தம் போடவில்லை. ஒரு துண்டைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தொடக்கூடாது என்று இவரிடம் சொன்னாயா?" என்று பிரெஞ்சில் என்னைக் கேட்டார்.

"சொன்னேன்," என்றேன்.

பொய். அதை இப்படி ஒரு சொல்லில் எழுத எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

சித்தப்பா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "மன்னிக்கச் சொல்லு, தம்பி," என்றார். அதை மட்டும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

அந்தக் கிழமையே வேலை போயிற்று. சித்தி வருவதும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. கடைசியில் வந்து சேர்ந்தபோது, தங்கச்சி தகப்பனை மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

வேலை போன அன்று வீட்டில் அம்மா பொரிந்து தள்ளினார். "உமக்கென்ன விசரோ? ஏன் அதிலை கை வைச்சனீர்?"

"தம்பி தொடவேண்டாமெண்டு வடிவாச் சொன்னவன், அண்ணி," என்றார் சித்தப்பா. "நான்தான் கேக்கேல்லை."

தப்பினேன் என்று நான் ஒழுங்கைக்கு ஓடினேன். பிரெஞ்சு தெரியாத சித்தப்பாவுக்கு, அந்த அம்மையார் என்னிடம் கேட்டது எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை.