நாலாம் நம்பர் மெஷினும் என் சட்டைப்பையும்

1. கிடைக்காத லீவு

"நீ போய்ட்டா நாலாம் நம்பரை யாருய்யா ஓட்டுவா? உங்க அப்பா வந்து ஓட்டுவாரா?"

ஒர்க்ஸ் மேனேஜர் இப்படிக் கேட்டதும், லீவு சீட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எழுபதுகளின் கடைசி அது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, பெங்களூர் சாலையை ஒட்டிய ஒரு சின்னக் கம்பெனியில் கேப்ஸ்டன் லேத் என்ற கடைசல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். பம்புகளுக்குப் போகும் பித்தளை புஷ், அதாவது நடுவில் துளையுள்ள குட்டி உருளை, செய்வதுதான் வேலை. மறுநாள் அம்பத்தூரில் ஒரு பெரிய கம்பெனியின் டூல் ரூமுக்கு ஆள் எடுக்கும் டிரேட் டெஸ்ட். எனக்கும் கார்டு வந்திருந்தது, ஆறாம் நம்பர் மெஷின் அருள்தாஸுக்கும் வந்திருந்தது. அருளுக்கு லீவு உடனே கொடுத்துவிட்டார்கள். எனக்குத்தான் இல்லை.

டூல் ரூம் என்றால் எனக்கு உயிர். அங்கே ஒரே புஷ்ஷைக் காலையிலிருந்து மதியம் வரை திருப்பித் திருப்பிப் போட வேண்டாம். ஒவ்வொரு நாளும் வேறு வேலை, வேறு டிராயிங். எங்கள் கம்பெனியில் ஒரு சின்ன டூல் ரூம் இருந்தது. "அடுத்த வருஷம் மாத்தறேன்" என்று அஞ்சு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஷெட்டின் தகரக் கூரை, டூல் சூடாகாமல் ஊற்றும் கூலன்ட் பட்டுக் கையெல்லாம் அரிப்பு, கேன்டீனின் தண்ணிச் சாம்பார் என்று எல்லாவற்றையும் தினமும் திட்டுவேன். திட்டுவதில் எனக்குச் சமமாக ஓராள் அந்த ஷாப்பில் கிடையாது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லீவு இல்லை என்று அவர் சொன்னபோது வயிறு எரிந்தது வாஸ்தவம்தான். கூடவே, நான் இல்லாமல் நாலாம் நம்பர் நின்றுபோகும் என்று ஒரு மேனேஜரே சொல்கிறாரே என்று உள்ளுக்குள் ஜில்லென்றும் இருந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போய் மெஷினைப் போட்டேன். அருள் டெஸ்டுக்குப் போனான், பாஸ் செய்தான், ஒரே மாதத்தில் கிளம்பியும் விட்டான்.

2. ஷிப்ட் முடிவில் நாங்கள் செய்த காரியம்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். கேப்ஸ்டன் லேத்தில் டரட் என்று ஒரு தலை உண்டு. ஆறு முகம், முகத்துக்கு ஒரு டூல். கைப்பிடியை இழுத்தால் சுற்றிக்கொண்டு அடுத்த டூல் வரும். ஒவ்வொன்றையும் அளவு பார்த்து நிறுத்தி வைப்பதற்குப் பெயர் செட்டிங். நல்ல செட்டிங் பிடிக்க அரை மணிக்கு மேல் ஆகும். பிடித்துவிட்டால் எட்டு மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்ததை, இரண்டரை மணி மதிய சங்கு ஊதப் போகும்போது நாங்களே கலைத்துவிட்டுப் போவோம். ஒரு போல்ட்டை லூஸ் செய்வோம், ஒரு ஸ்டாப்பரை நகர்த்துவோம். அடுத்த ஷிப்ட்காரன் என் உழைப்பில் நோகாமல் பீஸ் எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். எல்லோரும் செய்தார்கள். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

என் மெஷினுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. டரட்டின் நாலாவது முகம் தேய்ந்துபோய், அதில் இருக்கும், துளையைக் குடையும் போரிங் டூல் ஒரு துளி இறங்கி உட்காரும். புஷ்ஷின் துளை பெரிதாகி எல்லாம் ரிஜெக்ட் ஆகும். டூல் ஹோல்டருக்குக் கீழே மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வைத்தால் சரியாகிவிடும் என்று நான்தான் கண்டுபிடித்தேன். அந்தத் தகட்டுக்கு ஷிம் என்று பெயர். நகம் அளவு ஷிம். சங்கு ஊதுவதற்கு முன் அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். என் மனைவி சரோஜா துவைக்கும்போது அது நாலைந்து முறை அவள் கையில் சிக்கியிருக்கிறது.

அருள் மட்டும் இதற்கெல்லாம் நேர் எதிர். செட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு, எந்த டூல் மழுங்குகிறது, எதை எப்போது மாற்ற வேண்டும் என்று மெஷின் கதவில் சாக்பீஸால் எழுதியும் வைத்துவிட்டுப் போவான். "வாத்தியாரே, இன்னிக்கு இன்னா பாடம்?" என்று கிண்டல் செய்வோம். அவன் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துக்கொள்வான். அவன் மெஷினை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அதனால்தான் அவனுக்கு லீவு கிடைத்தது என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

3. பதினைந்து நாள்

இரண்டு வருஷம் கழித்து அருளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மறுபடி ஆள் எடுக்கிறார்கள், இந்த முறை டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமை, வயசு வரம்பில் எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று எழுதியிருந்தான். ஞாயிறு வாரலீவு, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. விடிந்ததும் சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஏறினேன். செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டும்போதே கை குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது. டெஸ்டில் ஒரு டிராயிங்கைக் கொடுத்து, ஒரு துண்டு இரும்பையும் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் செய்த வேலையைப் போல அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

ஆர்டர் வந்தது. பதினைந்து நாளில் சேர வேண்டும், பழைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர் கட்டாயம். தெருவிலேயே பிரித்துப் படித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

சரோஜா படித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, மெய்யாலுமே போவப் போறீங்களா? இல்ல, இதையும் வச்சிக்கினு பத்து வருசம் திட்டப் போறீங்களா?" என்றாள்.

"போவாம இன்னா செய்வேன்?"

"போன தபாவும் இப்டித்தான் குதிச்சீங்க. அப்பால மேனேஜரு நீதாம்பா எல்லாம்னு சொன்னாருன்னு ஒரு மாசம் அதையே பேசிக்கினு இருந்தீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆர்டரை அவள் கையிலிருந்து பிடுங்கி மடித்து வைத்தேன்.

மேனேஜர் ஆர்டரைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தாராளமா போ ஏகாம்பரம். நான் தடுக்கல. ஆனா நாலாம் நம்பர் நிக்கக் கூடாது. ஓட்டறதுக்கு ஆளைக் காட்டிட்டு லெட்டரை வாங்கிக்க."

ஆள் என்று ஒருவன் இருந்தான். இரண்டாவது ஷிப்டில் அதே மெஷினை ஓட்டும் கஜேந்திரன். ஆனால் அவனும் நானும் பேசி மூன்று வருஷம். கூலன்ட் தொட்டியை யார் கழுவுவது என்று ஆரம்பித்த சண்டை. தினமும் இரண்டரை மணிக்கு அவன் உள்ளே வருவான், நான் வெளியே போவேன், முகத்தைத் திருப்பிக்கொள்வோம். நான் ஷிம்மை எடுத்துக்கொண்டு போனபிறகு அவன் மெஷினோடு மல்லுக்கட்டுவான் என்று நினைத்து வீடு வரை சந்தோஷமாக சைக்கிள் மிதித்த நாட்கள் உண்டு. அவனிடம் போய் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். பதினைந்தில் ஐந்து வீணாகப் போயிற்று.

ஆறாம் நாள் இரண்டரை மணிக்கு அவன் வந்ததும், நான் நகராமல் நின்றேன்.

"கஜா, ஒரு நிமிசம்."

அவன் திரும்பிப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து ஷிம்மை எடுத்து நீட்டினேன். "நாலாவது டூலுக்குக் கீழ இத்த வச்சிப் பாரு. நாலு தவ். வச்சா சைஸு கரெக்டா வரும். நான் இத்தினி நாளு எடுத்துக்கினு பூடுவேன். தப்புதான்."

தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கஜேந்திரன் ஷிம்மைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சிரிக்க ஆரம்பித்தான். பித்தளைச் சீவலை அள்ளிப் போடும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் தன் தீப்பெட்டியைத் திறந்து என் கையில் எதையோ வைத்தான். பழைய ஷேவிங் பிளேடில் ஒடித்த துண்டு.

"மைக்ரோமீட்டர்ல வச்சிப் பாருப்பா."

வைத்துப் பார்த்தேன். நாலு தவ்.

"நானும் ஷிப்ட் வுடறப்போ உருவிக்கினு பூடுவேன்," என்றான். "காலைல வந்து நீ நல்லா சாவட்டும்னு."

இரண்டு பேரும் ஒரே வியாதியைக் கண்டுபிடித்து, ஒரே மருந்தைக் கண்டுபிடித்து, அதை ஒருத்தனுக்கொருத்தன் மூன்று வருஷம் மறைத்திருக்கிறோம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்து அவன் சொன்னதுதான் அந்தச் சிரிப்பை நிறுத்தியது.

"அருளு போனானே, அந்த டெஸ்டுக்கு எனக்கும் கார்டு வந்துது. லீவு கேட்டேன். மேனேஜரு இன்னா சொன்னாரு தெரியுமா? கஜேந்திரா, நீ போய்ட்டா நாலாம் நம்பரை யாருய்யா ஓட்டுவான்னாரு. எனக்கு ஒரே குஷியா பூட்ச்சி. போவவே இல்ல."

அதே வார்த்தை. இரண்டு வருஷமாக எனக்கு மட்டும் கிடைத்த பட்டம் என்று நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தது, இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருந்தது. மேனேஜரைக் குறை சொல்ல மாட்டேன். மெஷின் ஓட வேண்டும் என்பது அவர் கவலை. கயிற்றை அவர் நீட்டினார், கழுத்தை நீட்டியது நான்.

4. பத்து பீஸ்

அன்றைக்கு மாலை வரை வீட்டுக்குப் போகவில்லை. நானும் கஜாவும் சேர்ந்து நாலாம் நம்பரைப் பிரித்து மேய்ந்தோம். ஷிம்மை உள்ளே வைத்து நாலு போல்ட்டையும் இறுக்கினோம். இனி யாரும் எதையும் கலைப்பதில்லை என்று கைகொடுத்துக்கொண்டோம். அருளைப் போலவே கதவில் எல்லாவற்றையும் எழுதினோம். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் கஜாதான் எழுதினான். மூன்று வருஷம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினோம். அவ்வளவு உற்சாகமாக நான் அந்தக் கம்பெனியில் வேலை செய்தது அந்த ஒரு வாரம்தான்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஷிப்ட் மாறும் நேரத்தில் மேனேஜரைக் கூப்பிட்டேன். "சார், நீங்களே யாரை வேணும்னாலும் கூப்பிட்டு ஓட்டச் சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு டிரில்லிங் மெஷின் கண்ணனைக் கூப்பிட்டார். கண்ணன் கேப்ஸ்டனைத் தொட்டதே இல்லை. கதவில் இருந்ததைப் படித்தான், கைப்பிடியை இழுத்தான், முதல் பீஸ் விழுந்தது. மேனேஜர் கேஜை எடுத்தார். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. முதல் முனை போயிற்று. மறுமுனையும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

ரிஜெக்ட்.

"இதுக்குத்தான் கூப்பிட்டியா?" என்றார்.

காலை முழுக்க நான் எடுத்த பீஸ் எல்லாம் ஓகே. அம்பத்தூர் கண்ணெதிரே கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. அப்போது கஜா என் பக்கம் குனிந்து, மெதுவாக, "உன் சட்டப் பைய பாரு," என்றான்.

கையை விட்டுப் பார்த்தேன். ஷிம் என் சட்டைப்பையில் இருந்தது. சங்கு ஊதும் நேரம் நெருங்கியதும், எனக்கே தெரியாமல் என் கை போல்ட்டை லூஸ் செய்து, உருவிப் பைக்குள் போட்டு, போல்ட்டைத் திரும்ப இறுக்கியும் வைத்திருக்கிறது. வாய் இத்தனை வருஷமாகப் போகிறேன் போகிறேன் என்றது. கைக்கு அந்தச் சேதி போய்ச் சேரவே இல்லை.

மேனேஜர் முன்னாலேயே ஷிம்மை எடுத்து, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து இறுக்கினேன். ஸ்பேனரைக் கஜா கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணன் ஓட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. மறுமுனை ஒன்றில்கூட நுழையவில்லை. பத்தாவது பீஸ் வரை பார்த்துவிட்டு மேனேஜர் கேஜைக் கீழே வைத்தார்.

"இத்தனை வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தி இருக்கீங்க."

"சேரவே இல்ல சார்," என்றான் கஜா. "அதான் பிரச்சனையே."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கண்ணனே ஓட்டறான். இனிமே நீ எனக்குத் தேவையில்லை ஏகாம்பரம். சாயந்திரம் வந்து லெட்டரை வாங்கிக்கோ."

கஜா வருவான் என்று நினைத்தேன். அடுத்த முறை ஆள் எடுத்தபோது நானே அவனுக்கு எழுதினேன். "மெஷினு இப்போதான்பா ஒயிங்கா ஓடுது, நான் ஏன் வரணும்?" என்று சொல்லி அனுப்பினான். அவன் அங்கேயே ரிட்டையர் ஆனான், சந்தோஷமாகவே இருந்தான். அவனை மாட்டிக்கொண்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். கதவு திறந்திருந்தது, அவன் உள்ளே இருந்தான், அது வேறு.

பிடிக்காத வேலையில் ஆட்கள் கிடப்பதற்குக் காரணம் பல. பிள்ளைகள் படிப்பு, ஊர், பயம், எல்லாம் நிஜம். எனக்கு இதில் எதுவும் இல்லை. நான் கிடந்தது, நான் இல்லாவிட்டால் நின்றுபோகும் என்ற ஒரு வார்த்தைக்காக. இப்போதும் யாராவது என்னிடம் வந்து, "சார், என் கம்பெனி மகா மோசம், ஆனா நான் இல்லாம ஒரு நாள் ஓடாது," என்று சொன்னால், முதல் பாதிக்கு நான் கவலைப்படுவதில்லை. இரண்டாவது பாதியைச் சொல்லும்போது முகம் மலர்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

"நீ தேவையில்லை" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்ன அன்று, சைக்கிளை எடுக்கவும் மறந்து, லெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனேன். பாதி வழியில்தான் சைக்கிள் நினைவு வந்தது. திரும்பிப் போகவில்லை.