சத்தமில்லாத பாடங்கள்

தாராவியில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில், ஃபோன் திரையில் எழுதிக்கொண்டே பேசி, அதை அப்படியே ரெக்கார்ட் செய்து பிள்ளைகளின் வாட்ஸப் குரூப்பில் போடக் கற்றுக்கொண்டேன். என் முகம் அதில் தெரியாது. வெள்ளைத் திரை, நீல எழுத்து, என் குரல், அவ்வளவுதான். பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் என்னை விடவில்லை. "வகுப்புல கேட்டது வீட்டுக்குப் போனா மறந்துருது டீச்சர். வீடியோன்னா நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம்" என்றார்கள். நியாயம்தான். வகுப்பில் என்னை யாரால் நிறுத்த முடியும்?

ரெக்கார்டிங் எல்லாம் வீட்டில்தான். எங்கள் வீடு ஒரே அறை. ஒட்டினாற்போலத் தையல் கார்கானா. அங்கே மிஷின் ஓடினால் எங்கள் சுவர் அதிரும். பாவ் ரொட்டி விற்கிற பாவ்வாலா சைக்கிள் ஹார்னை அமுக்கிக்கொண்டே போவான். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் சந்து முழுக்கக் கூப்பாடு. குக்கர் வேறு. எல்லாவற்றுக்கும் மேலே என் மகள். அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள், காலில் கொலுசு. நான் இருபடிச் சமன்பாட்டை விளக்கிக்கொண்டிருக்கும்போது "ம்மா, ம்மா" என்று முந்தானையைப் பிடித்து இழுப்பாள்.

ஒரு நாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். "பாடம் நல்லா இருக்கு டீச்சர். ஆனா சந்தைக்குள்ள உக்காந்து நடத்துற மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவருக்கு வீடு செம்பூரில். சாத்திக்கொள்ளத் தனி அறையும் கதவும் இருக்கிறது. "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது? சத்தத்தை வடிகட்டுகிற ஒரு ஆப்பைத் தேடிப் பிடித்தேன். அதில் போட்டு எடுத்தால் மிஷின் இல்லை, குக்கர் இல்லை, கொலுசு இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி என் குரல் மட்டும் தனியாக நின்றது. எனக்கே பிடித்துப் போயிற்று.

பிடிக்காத ஆள் ஒருத்தர் இருந்தார், என் வீட்டுக்காரர். அவருக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. போனால் வர மாதக்கணக்காகும். நடுக்கடலில் நெட் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. துறைமுகத்தில் நிற்கும்போதுதான் பேச்சு. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கட்டுமே என்று பாடங்களை அவருக்கும் அனுப்பி வைப்பேன். பார்ப்பார் என்று நினைத்ததே இல்லை. கணக்கென்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. வடிகட்டிய பாடங்களை அனுப்பிக் கொஞ்ச நாளில் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து ஃபோன் வந்தது.

"ஏளா, வீட்டக் காலி பண்ணிட்டியா?"

"என்னங்க சொல்றீங்க?"

"பாப்பா கொலுசு எங்க? குக்கர் எங்க? பேங்குக்கு ஃபோன் போட்டா ஒருத்தி பேசுவாள்லா, அவள மாதிரில்லா பேசுத."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நான் பாடமா கேக்கேன்? வேல முடிஞ்சி வந்து இதக் காதுல மாட்டுனாத்தான் எனக்கு ஒறக்கமே வருது" என்றார். பிள்ளையின் கொலுசு முதல் பாடங்களில் விட்டு விட்டுக் கேட்டதாம். போகப் போகத் தொடர்ந்து கேட்டதாம். ஒரு பாடத்தில் தொப்பென்று விழுந்து அழுதாளாம், நான் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி கணக்குக்குப் போனேனாம். மகள் நடை பழகியதை அவர் பார்க்கவில்லை. அங்கே படுத்துக்கொண்டு காதால் கேட்டிருக்கிறார். ஃபோனை வைத்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பிரதி. பள்ளிக்கு வடித்தது, அவருக்கு வடிக்காதது. அவருக்காக ஒன்றிரண்டு தரம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுகூட ரெக்கார்ட் செய்திருக்கிறேன்.

பிறகு லீவில் வந்தார். வீடு இனிமேல் இரைச்சல் காடுதான் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். நான் ஃபோனை எடுத்து உட்கார்ந்தால் போதும், மனுஷன் ஆளே மாறிவிடுவார். பக்கத்துக் கார்கானாவுக்குப் போய், "பாய், ஆதா கண்டா" என்று கெஞ்சி அரை மணி நேரத்துக்கு மிஷினை நிறுத்திவிட்டு வருவார். குக்கர் விசில் அடிக்கும் முன்னால் கேஸை அணைப்பார். பிள்ளையின் கொலுசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவளை மடியில் வைத்து மூலையில் உட்கார்ந்துவிடுவார்.

"சும்மா இருங்க, அதெல்லாம் ஆப் பாத்துக்கும்" என்பேன்.

"ஆப்பு எதுக்கு, நான் இருக்கேன்லா?" என்பார்.

அவர் டீ குடிக்கும் சத்தம் எங்கள் சந்துக்கே தெரியும், அப்படி ஓர் உறிஞ்சல். ஒரு நாள் நான் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருக்கிறேன், கோபுரத்தின் உயரம் காண்கிற கணக்கு. இவர் கொதிக்கிற டீயைக் கையில் வைத்துக்கொண்டு, உறிஞ்சவும் முடியாமல் கீழே வைக்கவும் மனசில்லாமல், கண்ணை உருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் ஊதுகிறார். மடியிலிருந்த பிள்ளை, அப்பாவின் வாய்மேல் விரலை வைத்து 'உஷ்' என்று காட்டுகிறாள், அதுவும் சத்தமில்லாமல். எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. எப்படியோ அடக்கிக்கொண்டு உயரத்தைக் கண்டுபிடித்து முடித்தேன்.

லீவு முடிந்தது, போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய் வந்து பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு, எனக்கு அவர் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. கப்பல் எங்கேயோ நடுக்கடலில். சரி, அவர் இருந்த நாட்களில் எடுத்த பாடங்களில் எங்காவது இருப்பார் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். நான் பேசுகிறேன், பேசுகிறேன், பேசிக்கொண்டே இருக்கிறேன். அவர் எங்கேயும் இல்லை. ஒரு இருமல் இல்லை, ஒரு செருமல் இல்லை. ஆப்பில் போடாத பாடங்கள் அவை, போட வேண்டிய தேவையே வரவில்லை. பாவி மனுஷன், ஒரு தரம் தும்மித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. வீட்டின் சத்தத்தையெல்லாம் அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேனே, தன் சத்தம் ஒன்றைக்கூட எனக்கு வைத்துவிட்டுப் போகவில்லையே. ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசிப் பாடம் வரைக்கும் கேட்டேன். நான் பேச்சை நிறுத்திக் கோடு போடுகிற இடங்களில் மிஷின் ஓடவில்லை, குக்கர் கூவவில்லை, பிள்ளை சிணுங்கவில்லை. அந்த இடங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன்.

மறுவாரம் வகுப்பில் கோபுரக் கணக்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், வீடியோல இந்தக் கணக்குக்கு நடுவுல சிரிச்சீங்களே, ஏன்? நானும் ரெண்டு மூணு தடவ ஓட்டிப் பாத்துட்டேன், சிரிக்க ஒண்ணுமே இல்ல."

வகுப்பே என்னைப் பார்த்தது. நான் போர்டுப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தரம் கோடு போட்டேன்.

"ஒண்ணுமில்லடி" என்றேன். "அன்னைக்கு வீட்ல ஆள் இருந்தாங்க."